கையில் மருந்து மணம்

சண்டை முடிந்த மறுவருடம் என் கணவரைக் கடல் தொழிலிலிருந்து கரையேற்றியது நான்தான். படகு கவிழ்ந்து அரைநாள் மிதந்து வந்தவரிடம், இனிக் கடலுக்குப் போவதில்லை என்று கோயில் வாசலில் வைத்தே சத்தியம் வாங்கினேன். சிலாபத்துக்கு வடக்கே இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன்.

குஞ்சுகளுக்கு நோய் பிடிக்காமலிருக்கத் தொட்டியில் போமலின் என்ற காரமான மருந்தை ஊற்றுவார்கள். பிறகு தண்ணீர் மாற்றி, மருந்து போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று வாங்கிய கருவி அலுமாரியில் தூங்கியது. கடலில் கிடந்தவர்கள் அல்லவா, இவர்கள் தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்ப்பார்கள். "காத்த மோந்தே மழை சொன்ன மூக்கு இது" என்பார் என் கணவர். நானும் அந்த மூக்கை மெச்சினேன். என்ன புத்தியோ எனக்கு.

மாலையில் கண் சிவந்து வருவார். கிணற்றடியில் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுக் கையைத் தேய்த்து, என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மணம் போயிட்டு" என்று நான் சொன்னால்தான் என்னைத் தொடுவார்.

பண்ணையை விட்டு நின்ற சில வருடங்களில் மறதி வந்தது. முதலில் சைக்கிளை எங்கே விட்டார் என்பது மறந்தது, பிறகு சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. சிலாபத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். இவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அந்த மருந்தாலயா டொக்டர்? நான்தான் அந்த வேலைக்கு அனுப்பினன்."

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, அந்தச் சாமான் எல்லார்ட உடம்பிலயும் கொஞ்சம் தானா உண்டாகுது. உடம்பே அத அழிச்சிடும். வயசு போகப் போக மிஞ்சிறது ஞாபகத்தக் கெடுக்கலாம் எண்டு ஆராய்ச்சி செய்யிற சிலர் சொல்றாங்க. வெளியால இருந்து உள்ள போனதும் அதோட சேர்ந்திருக்கலாம். ஆனா இவருக்கு அதாலதான் எண்டு என்னால சொல்ல ஏலாது."

நல்ல மனிதர். நான் கேட்டது ஓம், இல்லை என்று ஒரு பதில். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். இவர் யன்னலோரம் இருந்து தென்னந்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனார். துவாயோடு கிட்டப் போன என்னை ஆரோ எவரோ என்பதுபோலப் பார்த்துப் பின்வாங்கினார்.

"கிட்ட வராதீங்க தங்கச்சி, கையில மருந்து. என்ட மனிசிக்கு இந்த மணம் ஒத்துவராது. கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகோணும்."

அந்த மருந்துக்குள் அவரைப் பிடித்துத் தள்ளியவள் நான். அது என்னில் பட்டுவிடக்கூடாது என்று இன்னும் காவல் நிற்கிறார்.

தேசிக்காய் எடுத்துக் கொடுத்தேன். ஆறுதலாகத் தேய்த்துக் கழுவினார். பிறகு இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். குனிந்து மோந்தேன்.

"போயிட்டு" என்றேன்.

ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தார்.

"ஏனடி அழுறாய்?" என்றார்.