பூசணிக்காயைக் கீழே வைத்த நாள்

1991 ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு, மண்ணூர் பக்கம் நான் சூப்பர்வைசராக இருக்கும் பட்டறையில், ஏழுமலையின் வலது கையில் இரண்டு விரல்கள் பிரஸ் மிஷினில் போயின. அவனுக்கு வயது இருபத்தாறு.

அந்த மிஷின் ஓட, இரண்டு பட்டன்களை இரண்டு கைகளாலும் ஒன்றாக அழுத்த வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. லீவுக்கு முன் ஆர்டரை முடிக்கும் அவசரத்தில், ஒரு பட்டனைக் கம்பியால் அழுத்திக் கட்டினால் ஒரு கை மிச்சமாகும், வேலை வேகமாகப் போகும் என்று நினைத்தேன். கட்டியது நான்தான்.

மேனேஜர் விசாரித்தபோது, "அவனே கட்டிக்கினான் சார்" என்றேன்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பிளஸ் டூ. வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன். ஏழுமலையை வேலையைவிட்டு நீக்குவது என்று முடிவாயிற்று.

தினமும் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்கு ஓடினேன். "பெருமாளே, இது வெளியே வரக்கூடாது." சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதைத்தான் வேண்டினேன். வீட்டில் மகள்களின் விரல்களைப் பார்க்க முடியவில்லை.

பூஜைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துப் படுத்திருந்தான் ஏழுமலை.

"பயப்படாதீங்கண்ணே. நீங்க கட்டுனீங்கன்னு நான் யாராண்டயும் சொல்லல. உங்களுக்கு ரெண்டு பொண்ணு கீது."

அங்கிருந்து நேராகச் சன்னதிக்குப் போய் என் வேண்டுதலை மாற்றினேன். "நாளைக்கு என் வாயைத் திறந்துவிடு, பெருமாளே."

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது சூப்பர்வைசர் வேலை. மறுநாள் பூஜையில் அந்த பிரஸ் முன்னால் வந்ததும், காயின் துளையில் நிறைத்த குங்குமத்தைப் பார்த்தேன். காயைக் கீழே வைத்துவிட்டேன்.

"கம்பி கட்டுனது நான். ஏழுமலை இல்ல. பயந்து பொய் சொல்லிட்டேன்."

"இப்பதான் வாய் வந்துச்சா சார்?" என்றார் மூத்த ஆபரேட்டர் முனுசாமி. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே தன் மிஷினுக்குப் போய், எண்ணெய்த் துணிக்கு அடியில் இருந்த கம்பியை அவிழ்த்து வந்து என் கையில் வைத்தார். "உங்களப் பாத்துதான் நானும் கட்டுனேன்." பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் கம்பியோடு வந்தார்கள்.

மேனேஜர் என்னை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார். ஏழுமலையை நீக்கவில்லை, ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். விரல்கள் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

இப்போது தினமும் காலையில் எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொரு பட்டனையும் சோதிக்கிறேன். முந்தின நாள் நான் ஏதாவது தவறு செய்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். போன வாரம் முனுசாமி, "சார், இந்த வேல எனக்குப் புரியல, காட்டிக் குடுங்க" என்றார். முன்பெல்லாம் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மதியம் ஏழுமலை இடது கையால் சாப்பிடுகிறான். நான் எதிரில் உட்காருகிறேன்.

அடியார்களே, செய்ததை மறைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டிருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், வேண்டுதலை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கத்தான் தாமதம். கேட்ட மறுநாளே பெருமாள் கொடுத்தார்.