பானைக்குள் பாடிய பாடகி

தொண்ணூறுகளின் நடுவில், கோலார் தங்க வயலில் நடந்தது இது. நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் வேலை. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பாட்டென்றால் எனக்குப் பைத்தியம்.

எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, மூட்டையில் அடங்காத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு வந்தது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன், ஒரே ஒரு கேசட். அட்டையில் தோல் ஜாக்கெட் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், கிடாரோடு முறைத்துக்கொண்டு நிற்பாள். ராக் பாடகி. சர்ச் பாடகர் குழுவில் "மெதுவா, அடக்கமா" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தலாம், அதற்குக் கைதட்டவும் ஆள் இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரஃப் நோட்டில் அவள் வார்த்தைகளைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். அர்த்தம் சுத்தமாகத் தெரியாது. யாருக்கு வேண்டும் அர்த்தம்!

அம்மாவுக்கு ஆகவே ஆகாது. "பேய் புடிச்சவ மாதிரி இன்னாத்துக்குடி இப்டி கத்தறா அவ? நிறுத்து மொதல்ல" என்பாள். அதனால் அம்மா வெளியே போகும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா பங்காருபேட்டைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா காலை ஷிப்ட். கதவைத் தாழ்போட்டேன். பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பி இழுத்து மாட்டி, காலி மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தேன். டீக்கடைகளில் அப்படித்தான் வைப்பார்கள். தும் தும்மென்று நெஞ்சில் இடிக்கும். முழுச் சத்தத்தில் வைத்து, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு நானும் கத்த ஆரம்பித்தேன்.

மூன்றாவது பாட்டு ஓடும்போது அலமாரியில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. ஒரு டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. 'அடேயப்பா, பானைக்கு என்ன பவர்!' என்று நினைத்தேன். சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அத்தைதான், சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருப்பார் என்று நினைத்து, பிடிவாதமாகத் திறக்காமலே இருந்தேன்.

ஒரு பக்கம் முடிந்து கேசட் நின்றது. அப்போதுதான் உறைத்தது, லைனில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தேன். எப்போதும் சண்டை நடக்கிற குழாயடியில் ஒரு ஆள் இல்லை, குடம் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கதவு விரியத் திறந்து கிடக்க, அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது.

ஏர் பிளாஸ்ட்! பூமிக்கு அடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் எங்கள் ஊரே ஆடும். அது ஆடின மாத்திரத்தில், சுரங்கத்தில் ஆள் இருக்கிற வீடெல்லாம் போட்டது போட்டபடி சுரங்கத்தின் வாயான ஷாஃப்டுக்கு ஓடும். தங்க வயலில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூட அந்த ஆட்டம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் பானை என்று நினைத்தேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஷாஃப்ட் கேட்டில் கூட்டம் நெரிந்தது. பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்து உலுக்கினார். "இன்னா பொண்ணு நீ! கதவத் தட்டித் தட்டி என் கையே நொந்துபோச்சு. உள்ள கூத்தடிச்சினு கீறே? உங்க நைனா இன்னும் மேல வர்ல!"

உள்ளே இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார்கள், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். எட்டி எட்டிப் பார்த்தேன். அப்பாவின் டோக்கன் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் மேலே வரும்போதெல்லாம் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கதவு திறக்கும். எல்லா முகமும் பாறைத்தூசி அப்பி ஒன்றுபோல இருக்கும். ஒவ்வொன்றும் அப்பா மாதிரியே தெரிந்து, அப்புறம் இல்லை என்று ஆகும்.

ஜெபம் பண்ணலாமென்று கண்ணை மூடினேன். பாழாய்ப்போன அந்தப் பாட்டுதான் மண்டைக்குள் ஓடியது! 'இயேசப்பா, எங்க நைனாவைக் காப்பாத்து' என்பதுகூட அவள் மெட்டில்தான் வந்தது. தலையில் நானே அடித்துக்கொண்டேன். 'நைனா வந்தால் போதும், இனிமேல் அந்தக் கேசட்டைத் தொடமாட்டேன்' என்று பொருத்தனை செய்தேன்.

இன்னும் நாலைந்து டோக்கன்களே மிச்சமிருந்தபோது அப்பா வந்தார். கூட வேலை செய்கிற ஒருவர் அவர் தோளில் கை போட்டுத் தாங்கிக் கூட்டிவந்தார். "நைனா! நைனா!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. நான் சிரித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பார்க்கவில்லை என்று நினைத்து நடுங்கிப்போனேன். பக்கத்தில் போனதும்தான் பார்த்தேன், காதிலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. கர்த்தர் கிருபை, அன்றைக்கு யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அப்பாவுக்குப் போனது காது.

ஒரு காது போனது போனதுதான், இன்னொன்று மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். வீட்டில் எல்லாம் கைஜாடையாயிற்று. நான் கேசட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். உடைக்க மனசு வரவில்லை, அதுவும் ஒரு குற்றமாக உறுத்தியது. ராத்திரி பகல் ஒரே பயம். பொருத்தனையை மீறினால் மிச்சக் காதும் போய்விடும்.

மூன்று வாரம் போயிருக்கும். அப்பா ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல. அந்தக் கத்தற பொம்பள பாட்டப் போடு, அது கேக்குதா பாப்போம்" என்றார்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, அதுவும் அவருக்குக் கேட்கிற மாதிரி தொண்டை கிழிய! "பூமி ஆடும்போது நான் சிரிச்சேன் நைனா! அத்தை தட்டும்போது தெரிஞ்சே தொறக்கல!" லைன் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் வந்து நின்றுவிட்டார். அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்பா என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் புரிந்திருக்கும். "நீ சிரிக்காம இருந்தா மட்டும் இன்னா, பாறைய ரெண்டு கையால தாங்கிப் புடிச்சிருப்பியா? போடு கண்ணு" என்றார்.

அரிசி டிரம்முக்குள் கைவிட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டேன். அப்பா மிச்சக் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமோ. "வருது... சன்னமா வருது" என்றார். பாட்டை நிறுத்து நிறுத்து என்று உயிரை வாங்கிய அம்மா, அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "இன்னும் சத்தமா வைய்டி!" என்று கத்தினாள்.

இப்போது சுரங்கம் மூடியாயிற்று, நான் தினமும் ரயிலேறி பெங்களூரு வேலைக்குப் போகிறேன். இன்றும் அவள் பாட்டைக் கேட்கிறேன், ஆனால் இயர்போனை ஒரு காதில்தான் மாட்டுவேன், இன்னொரு காது வெளிச் சத்தத்துக்கு. பூமிக்கடியில் எங்கள் ஆள் யாரும் இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் மெய்மறந்து சந்தோஷமாக இருக்கிற அந்த நேரம் பார்த்து யாரோ என் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்களோ என்ற பயம் மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.