கட்டடக்காரர்கள் வீசிய எஞ்சின்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவள் பன்னிரண்டு வருஷமாகக் கையாண்டதெல்லாம் இடுக்கியும் ஊசியும்தான். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை, பக்கத்து மனையில் கட்டட வேலை முடித்தவர்கள் வீசிவிட்டுப் போன, தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் எஞ்சினை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்கு இழுத்து வந்தாள்.

கணவன் பஸ் டிரைவர். எஞ்சின் என்றால் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

“இது செத்துப் பல நாளாச்சு. எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

“ஓரமா கிடக்கட்டுமே. உங்ககிட்ட சோறா கேக்குது?”

காரணத்தை அவள் சொல்லவில்லை. அவர்கள் வீடு தெருவைவிடத் தாழ்வு. போன மழையில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாமனாரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் அவளிடம் மட்டும் சொன்னார்: “இன்னொரு தடவை என்னைத் தூக்க விடாதம்மா.” அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் செய்தித்தாளை விரித்து எஞ்சினைப் பிரித்தாள். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து, ஊசிமுனை அளவு துளையை அடைத்திருந்தது. பல்லின் வேரைச் சுத்தம் செய்யும் மயிரிழை அரம், தேய்ந்துபோனதென்று மருத்துவமனையில் ஒதுக்கிய ஒன்று, அவளிடம் இருந்தது. அதைத் துளைக்குள் நுழைத்து மெல்ல மெல்லச் சுரண்டினாள். அரை மணி நேரம் கழித்துத் துளையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தாள்.

“வெளிச்சம் தெரியுதா?” என்றான் கணவன்.

“உங்க மூக்கே தெரியுது.”

மாட்டிக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் உறுமியது. இரண்டே நிமிஷத்தில் அடங்கிவிட்டது. திரும்ப இழுத்தாலும் அதே கதைதான். கணவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு டூட்டிக்குப் போனான். அடுத்த மூன்று நாளும் அவள் வேலை விட்டு வந்து அதோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை மதியம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவள் ஓடி வருவதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. வெளியே மாடிப் படிக்கட்டுக்கு அடியில் மேடான இடத்தில் எஞ்சினை நிறுத்தி, ஒரு குழாயை வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரிலும் இன்னொன்றைப் பின்சுவருக்கு அப்பால் ஓடும் கால்வாயிலும் போட்டுக் கயிற்றை இழுத்தாள். ஓடியது. நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்க் மூடியைத் திருகினாள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்று போக வேண்டிய சின்ன ஓட்டையைச் சிமெண்ட் அடைத்திருந்தது. காற்று இல்லாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? புடவையில் குத்தியிருந்த ஊக்கை உருவிக் குத்திக் குடைந்தாள். மூடியைப் போட்டு மறுபடி இழுத்தாள்.

இரண்டு நிமிஷம் ஆனது. ஐந்து, பத்து. எஞ்சின் நிற்கவே இல்லை. கட்டில் காலைத் தொட்டிருந்த தண்ணீர் மெதுவாகப் பின்வாங்கியது.

“மழை விட்டுடுச்சாம்மா?” என்றார் மாமனார்.

“மழை விடல மாமா. தண்ணிதான் போகுது.”

அவர் தலையணையில் தலையைச் சாய்த்தார். அந்தச் சத்தத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். அவள் நனைந்த புடவையோடு படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

குடையோடு எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள்.

“அக்கா, உங்களுக்கு முடிஞ்சதும் எங்க வீட்டுக்கும் கொஞ்சம் வைக்கிறீங்களா?”