ஐஸ் பெட்டிக்குள் பதினாலு போன்

இன்னாசிப்பிள்ளைக்குக் கடலில் பயம் கிடையாது, கரையில் கூச்சம் கிடையாது. கற்பிட்டிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி நிற்கும் சின்னக் கோயிலில் பதினொரு வருடமாக இளைஞர் ஒன்றியத்துக்கு அவர்தான் வழிகாட்டி. சுவாமிமார் மாறினார்கள், இன்னாசிப்பிள்ளை மாறவில்லை. குரலும் அப்படித்தான். கோயில் வாசலில் நின்று கூப்பிட்டால் நங்கூரம் போட்ட போட்டில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

யுத்தம் முடிந்து எட்டு வருடமாகியிருந்தது. காற்றுக் காலத்தில் பெரிய பட்டம் கட்டிக் கடலில் பாயும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு வேலையும் வந்தது, எல்லார் கையிலும் போனும் வந்தது. "முந்தியெல்லாம் பிள்ளைகள் செபத்துக்குத் தலை குனிஞ்சதுகள். இப்ப போனுக்குக் குனியுதுகள்" என்பது இன்னாசிப்பிள்ளையின் முறைப்பாடு. பெற்றோரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் சொன்னால் பாயுதுகள், நீங்கள் சொன்னால்தான் கேட்குதுகள் என்று சொல்லிச் சொல்லி அவர் தலையில் ஐஸ் வைத்துவிட்டிருந்தார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒன்றியத்தில் செலஸ்டா என்று பதினைந்து வயதுப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் இத்தாலியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிறாள். பிள்ளை சின்னம்மா பெர்னடெற் வீட்டில் வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் தொடங்கினால், நாலரைக்கு இவள் போனையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய்விடுவாள். இருபது நிமிடம் கழித்து, கண் சிவந்து திரும்பி வருவாள். மூன்று கிழமை பார்த்தார் இன்னாசிப்பிள்ளை. பொடியன்தான் என்று முடிவு கட்டினார். கடலில் தண்ணீர் நிறம் மாறினால் மீன் எங்கே என்று சொல்லுகிறவருக்கு இது தெரியாதா?

பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார்.

"பேர் சொல்ல மாட்டன். ஒரு பிள்ளை கூட்டத்துக்கெண்டு வந்து, நாலரை மணிக்குக் கோயிலுக்குப் பின்னால நிண்டு பொடியனோட கதைக்குது. உங்கட பிள்ளைகளைக் கவனிச்சுக்கொள்ளுங்க."

பேர் சொல்லவில்லை என்பதில் மனுசனுக்கு ஒரு பெருமை வேறு. ஊரிலே பேர் எதற்கு? நாலரை மணி என்றது போதுமே. பொழுது சாய முதல் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு தன் மீன் பெட்டியை, ஐஸ் கரையாமலிருக்கக் கடலுக்குக் கொண்டுபோகும் அந்த வெள்ளை றெஜிபோம் பெட்டியை, கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். வாசலிலேயே பதினாலு போனையும் வாங்கி அதற்குள் வைத்து, மேலே ஒரு துவாயை விரித்து மூடியையும் போட்டார். உள்ளே இருந்தால் மணியடித்துக் குழப்பும் என்று பெட்டியைக் கோயில் வாசலுக்கு வெளியே, றோட்டோரமாக வைத்தார்.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடியப் போவதற்கு ஞாயிறு பின்நேரமே ஐஸ் லொறி வரும். பெட்டி றோட்டோரம் இருந்தால் ஐஸ் போடச் சொல்லி அர்த்தம். கேள்வி கிடையாது, எட்டிப் பார்ப்பதும் கிடையாது. முப்பது வருடம் மீன்பிடித்த இன்னாசிப்பிள்ளை அதை மறந்துபோனார். லொறிக்காரன் மறக்கவில்லை. மூடியைத் தூக்கினான், துவாயைக் கண்டு அடிவிரிப்பு என்று நினைத்தான், மூன்று சவள் நிறைய ஐஸை அள்ளிக் கொட்டி மூடிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கரையத் தொடங்கி, துவாய்க்கடியில் தண்ணீருக்குள் போன்கள் சூடை மீன் போலக் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கத்துவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. செலஸ்டா மட்டும் தன் போனை எடுத்து, பாவாடையில் துடைத்துத் துடைத்து அழுதாள். இன்னாசிப்பிள்ளைக்குத் தன் பிழை சுட்டது. பிழை சுட்டால் அவருக்குக் கோபம்தான் வரும்.

"ஒரு போனுக்கு இவ்வளவு அழுகையா? ஆர் அந்தப் பொடியன்?"

செலஸ்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எங்கட அம்மா, அங்கிள். அந்தக் கிழவி மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் இஞ்ச நாலரை. அப்பதான் அம்மாவுக்கு நேரம். நாங்க ரெண்டு பேரும் செபமாலை சொல்லுவம். என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். நீங்க கூட்டத்துலதானே சொன்னீங்க."

பிள்ளை போனைப் பெட்டியடியில் வைத்துவிட்டுப் போய்விட்டது. இன்னாசிப்பிள்ளை அந்த ஐஸ் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு பதினாலு போனையும் அந்தத் துவாயிலேயே பொதிந்து எடுத்தார்.

மறுநாள் பதினாலு போனையும் கொண்டுபோய்க் கற்பிட்டியில் போன் திருத்தும் ஹஸ்மியின் கடையில் கொட்டினார். "ஐஸுக்குள்ள வச்சா மீன்தான் நாலு நாளைக்குக் கிடக்கும் அண்ணே, போன் கிடக்காது" என்றான் ஹஸ்மி. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காயவைத்துப் பத்துப் போனுக்கு உயிர் கொடுத்தான். செலஸ்டாவின் போன் பிழைக்கவில்லை.

போன் போனால் போகிறது, வேறு வாங்கலாம். பெர்னடெற் வீட்டில் போய் நின்றபோதுதான் மற்றக் கதை தெரிந்தது. செலஸ்டாவைச் சிலாபத்தில் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் விடப்போகிறார்களாம்.

"அது அக்காதான் எண்டு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள் பெர்னடெற். "ஊருக்குத் தெரியாதே. தாய் வெளிநாட்டில, பிள்ளை இப்பிடி எண்டு கதைக்கிறாங்க. நான் சொன்னா ஆர் நம்புவாங்க? சொன்னது நீங்களெல்லோ."

அந்தக் கடைசிச் சொல் அவருக்குக் குத்தியது. தன் சொல்லை ஊர் நம்புகிறது என்று எவ்வளவு பூரித்திருந்தார். அந்த நம்பிக்கைதான் இப்போது ஒரு பிள்ளையை ஊரைவிட்டு அனுப்புகிறது. வழிகாட்டியே மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் பிறகு மதிக்குமா என்று ஒரு யோசனையும் ஓடியது. ஓடட்டும் என்று விட்டார். பிழையாக வலை போட்டவன்தான் அதை இழுக்கவும் வேண்டும்.

இந்தத் தடவை முதலில் கேட்டார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த செலஸ்டாவிடம் போனார்.

"மகள், ஞாயிறு கோயில்ல உன்ட பேரைச் சொல்லிக் கதைக்கலாமா?"

"சொல்லுங்க அங்கிள்" என்றாள் அவள். "ஊர் ஏற்கெனவே சொல்லிட்டுதுதானே."

ஞாயிறு பூசை முடிந்து, அறிவித்தல் நேரம், சுவாமியிடம் கேட்டுக்கொண்டு முன்னால் வந்தார். மைக் வேண்டாத மனுசனுக்கு அன்றைக்கு மைக் தேவைப்பட்டது.

"பெற்றோர் கூட்டத்துல நான் சொன்னது செலஸ்டாவை. நான் சொன்னது பொய். பிள்ளை கதைச்சது தாயோட. கோயிலுக்குப் பின்னால நிண்டு தாயும் மகளும் செபமாலை சொல்லியிருக்கிறாங்க. நான் விசாரிக்கல்ல. ஊர் முன்னால செய்த பிழையை ஊர் முன்னாலயே சொல்லுறன். செலஸ்டா, என்னை மன்னிச்சுக்கொள்ளு."

இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தகப்பன்மார் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தக் கதையை வீட்டுக்கு வீடு காவியவர்கள் அவர்கள்தானே.

பின்நேரம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தபடிதான் கோயிலைத் திறந்தார். நாலு மணிக்கு முன்னமே இருபத்தொரு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இவ்வளவு காலமும் வராத ஒரு பொடியன், கடற்கரையில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடிக்கிற டெனிசன், கதவடியில் நின்று சொன்னான்:

"எங்கட வீட்டுல ஒருத்தரும் எங்களிட்ட மன்னிப்புக் கேட்டது கிடையாது, அங்கிள். அதான் வந்தன்."

செலஸ்டா கடைசியாகச் சின்னம்மாவின் போனோடு வந்தாள். அது மணியடித்தபோது அவள் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கதைத்துவிட்டு, போனை அவரிடம் நீட்டினாள். அம்மா அவரோடு கதைக்க வேணுமாம்.

"அண்ணே, தங்கச்சி பெர்னடெற் எல்லாம் சொன்னா" என்றாள் அந்தத் தாய். தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "பிள்ளை ஊர்லயே இருக்கட்டும். விடுதி வேணாம் எண்டு சொல்லிட்டன். ஆனா ஒரு விசயம். நான் அங்க இல்ல. பிள்ளையைப் பாக்கிறது நீங்கதான். இனி ஏதும் கண்டீங்க எண்டா, ஊருக்குச் சொல்ல முதல் அவளிட்டக் கேளுங்க. அவள் சொல்லாட்டி என்னட்டக் கேளுங்க. நான் தாய்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் இன்னாசிப்பிள்ளை, இருபத்தொரு பிள்ளைகளும் பார்த்திருக்க, "ஓம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.