மண்யார் சாப் வந்திருக்கிறார்

இன்று காலை எங்கள் மராத்தி வாட்ச்மேன் கீழேயிருந்து போன் செய்தார். "மேடம், மண்யார் சாப் ஆலாய்."

வரச் சொல்லியிருந்த ஏசி மெக்கானிக்கைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று நினைத்து, மேலே அனுப்பச் சொன்னேன்.

"லிஃப்டிலா மேடம்?" என்றார்.

குழம்பிப்போய் இறங்கினால், ஒருவர் பாம்பைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மராத்தியில் சாப் என்றால் பாம்பாம். மண்யார், நம்மூர் கட்டுவிரியன். அதை இந்தி 'சாப்' என்று எடுத்துக்கொண்டு 'சார்' ஆக்கியது என் தமிழ்க் காது.

"கடிச்சா வலிகூடத் தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா உயிர் போயிடும்" என்று பாம்பைப் பிடித்தவர் இந்தியில் சாவகாசமாகச் சொன்னார்.

போன மாதம் விஷமே இல்லாத சாரைப்பாம்புக்குச் சோபா மேல் ஏறிக் கத்தியவள் நான். இந்தச் 'சாருக்கோ' டீ போட அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பாம்புக்குப் பால் வார்த்தவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?