சிவப்பு வட்டம்

மலையிலிருந்து சின்னப்பன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை இன்று வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே ஆறு இடங்களில் சிவப்பு மையில் வட்டம். மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

பிழையான தமிழைக் கண்டால் அப்பாவுக்கு உடம்பே எரியும். சந்தவாசல் டீக்கடைப் பலகையைக்கூட விடமாட்டார். எங்கள் மண்டிக்குப் புளி கொண்டுவரும் சின்னப்பன், மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை எங்கள் வீட்டில்தான் வைத்தார். அப்பா அவர் எதிரிலேயே ஆறு பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சின்னப்பன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

“வச்ச பத்திரிகைய யாருனா திருப்பிக் குடுப்பாங்களா? இன்னா மனுசன் நீங்க! இனிமே அவுரு நம்ம வூட்டுப் படி ஏறுவாரா?” என்றாள் அம்மா.

மறுநாள் முதல் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க மலைக்குப் போன அப்பா, என்னையும் அழைத்துப்போனார். சின்னப்பன் தரையில் பத்திரிகைகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் அதே ஆறு இடங்களில் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா! நீங்க குங்குமம் மாரி வச்சுக் குடுத்தீங்களே, எல்லாத்துக்கும் வச்சுடலாம்னுதான் அவசரமா ஓடியாந்தேன். இன்னும் பாதி கெடக்குதுங்க.”

அப்பா அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இன்றைய பத்திரிகையில் வட்டங்களுக்குள் ஒரு பிழையும் இல்லை. வெளியே ஒன்று இருந்தது. அதற்கு அப்பா சார்பில் நானும் ஒரு வட்டம் வைத்தேன்.