கறுப்புத் தொட்டி

துப்பாக்கி இருந்தால் கார்டு, இல்லாவிட்டால் வாட்ச்மேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய முனிசாமிக்கு நகைக்கடன் கொடுக்கும் வங்கியின் வாசலில் வேலை கிடைத்தது அவருடைய மீசைக்காக அல்ல, லைசென்ஸோடு சொந்தமாக வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிக்காக. அவர் மனைவி ரேணுகாம்பாள் இதை வெளியில் யாரிடமும் சொல்லமாட்டாள். வீட்டில் சண்டை வந்தால் மட்டும் சொல்லுவாள்.

தொண்ணூற்றொன்பது தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தபோது மழைக்காலம். குழல் நெடுகச் செம்புள்ளி. கட்டையில் வார்னிஷ் தோலுரிந்து கிடந்தது. அதற்குள் சென்னையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி திங்கட்கிழமை சோதனைக்கு வருகிறார் என்று தகவல். போன மாதம் வாலாஜாபாத் கிளையில் துருவேறிய துப்பாக்கியோடு நின்ற ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

ஞாயிறு காலை முனிசாமி துப்பாக்கியை மூன்றாகக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பினார். கட்டையின் பழைய வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் இழைத்தார். உள்ளே தேக்கைப் போல நல்ல மரம் தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எண்ணெய் வாங்கினு வந்துடறேன். குழலை நான்தான் பாக்கணும். கெரசின் தொட்டு நயமா தேய்க்கணும். நீ கை வெக்காத."

கை வைக்காதே என்றால் வைக்காமல் இருக்கிறவள் இல்லை ரேணுகாம்பாள். பிள்ளையார்பாளையத்தில் சாயக்காரர் வீட்டில் பிறந்தவள். கறை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இருக்காது. அடுப்படியில் கார்த்திகை விளக்குகளைத் துலக்கப் புளி ஊறிக்கொண்டிருந்தது. பாவம், மனுஷன் தனியாகக் கிடந்து அல்லாடுகிறாரே என்று அந்தப் புளியால் குழலின் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பார்த்தாள். துரு பளிச்சென்று விட்டது. அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை.

முனிசாமி திரும்பி வந்தபோது குழல் குத்துவிளக்குத் தண்டு மாதிரி மினுங்கிக்கொண்டு முற்றத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.

"துரு ஒரு பொட்டு இல்ல, பாருங்க" என்றாள்.

"துரு மட்டுமா போச்சி? கறுப்பு பூரா போயிடுச்சேடி." எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "அந்தக் கறுப்புதான் அதுக்குத் தோல். இந்த ஈரத்துக்கு வெறும் இரும்பு காலையிலயே செவந்துடும். செவக்காட்டியும், இத பாத்தா அந்த ஆளு துப்பாக்கின்னு சொல்லுவாரா, சமையக்கட்டு சாமான்னு சொல்லுவாரா?"

அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் சாக்கின் மேல் குந்திவிட்டார். வேலை போனால் பீஸ் கட்ட முடியாது. பெரியவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"மறுபடியும் கறுப்பு ஏத்தவே முடியாதாங்க?"

"பட்டாளத்துல ஆயுதப் பட்டறையில பாத்திருக்கேன். உப்புத் தண்ணி தடவி, வேணும்னே துரு புடிக்க வெப்பாங்க. அப்படியே கொதிக்கிற தண்ணில முழுசா முக்கினா செவப்பு கறுப்பாயிடும். தேய்ச்சிட்டு மறுபடியும் துரு, மறுபடியும் தண்ணி. நாலஞ்சு தரம் பண்ணணும். பாதி பாதியா முக்கினா பட்டை தெரியும். இந்த நீளத்துக்கு நம்ம வீட்ல இன்னா இருக்குது? இட்லி குண்டானா?"

நீளமான தொட்டி எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் கந்தனின் சாயப்பட்டறையில். அங்கே போய் நிற்பதும் அவன் வாயில் விழுவதும் ஒன்று. ஆனாலும் புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். முனிசாமி குழலைப் பழைய வேட்டியில் சுற்றி, லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழியில் அவள் ஒரு கை கொடுக்க வந்தபோதும் கொடுக்கவில்லை.

கந்தன் அடுப்புக்கு முன்னால் கழியால் பட்டு நூல் சிட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாப்ள, தாமல் ஏரியில கொக்கு சுடப் போறியா? வழி அந்தாண்ட."

ரேணுகாம்பாள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் கழியைக் கீழே போட்டான்.

"இரும்பா? எந்தொட்டியிலயா? நாளைக்கு அரக்குச் சாயம் போடணும். முகூர்த்தப் பட்டு. துளி துரு பட்டாலும் கலங்கிப் போயிடும். நீ சாயக்காரன் பொண்ணுதான? கொண்டை ஊசிய தொட்டிகிட்ட போட்டதுக்கு அப்பா உன்னை அறைஞ்சது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அவன் சொல்வதிலும் தப்பில்லை. முனிசாமி வேட்டிச் சுருளை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "வா ரேணு, போலாம்" என்றார். அவள் நகரவில்லை.

"கறுப்புத் தொட்டி எங்கண்ணா?"

கந்தன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கறுப்புச் சாயத்துக்கென்று தனியாக ஒரு செப்புத் தொட்டி உண்டு. அதில் வேறு நிறம் போடமாட்டார்கள். கறுப்புக்கு இரும்பு ஒன்றும் செய்யாது. கல்யாண சீசனில் கறுப்பை யார் கேட்கிறார்கள்?

"பின்னால கவுந்துக்கினு இருக்குது. ஒரு ஓரத்துல ஓட்டை."

"அந்த ஓரத்த செங்கல் வெச்சி தூக்கினா தண்ணி எட்டாது."

"இவ ஒருத்தி!" என்றான் கந்தன் முனிசாமியைப் பார்த்து. "எப்படிய்யா இவளோட குடும்பம் நடத்தற? அதான் துப்பாக்கி வாங்கி வெச்சியா?"

கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டுவதற்குள் கண் எரிந்துவிட்டது. விறகெல்லாம் ஈரம். முனிசாமி குழலின் இரண்டு வாயையும் துணி சுற்றிய கட்டையால் அடைத்தார். நெருப்பில் வாட்டி, எலுமிச்சைச் சாற்றில் கரைத்த உப்பைத் தடவினார். சூட்டிலேயே சிவப்பு பூக்க ஆரம்பித்தது. துருவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. முக்கி எடுத்தபோது கறுப்பு வந்திருந்தது. கூடவே நடுக்குழலில் நான்கு வெள்ளைத் திட்டு.

அவள் விரல்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, அவர் பார்க்காத நேரத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"தொடாதன்னு எத்தினி தரம் சொல்றது!" இந்தத் தடவை முனிசாமி கத்தினார். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மழை வந்தால் அடுப்பு போச்சு, எல்லாம் போச்சு. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கந்தனுக்குப் பொறுக்கவில்லை. "பிசின் போகாத பட்டுல சாயம் ஏறுமா மாப்ள? மொதல்ல அவிக்க வேணாம்? தள்ளு அந்தாண்ட." சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, சோடா உப்பு சேர்த்து, கச்சாப் பட்டை அவிப்பதைப் போலவே எண்ணெய்ப்பசை போகக் குழலை அவித்தான். இரண்டு பக்கத்துக் கட்டையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதற்கப்புறம் யார் விரலும் படாமல் பார்த்துக்கொண்டான். "இப்ப தடவு உன் உப்ப."

துரு, கொதி, கம்பிப் பஞ்சால் ஒரு தேய்ப்பு. மறுபடியும் துரு, கொதி. தூறல் விழுந்தபோது கந்தன் பட்டு உலர்த்தும் தார்ப்பாயை எடுத்துவந்து அடுப்புக்கு மேல் பிடித்தான். ஒரு முனையை அவள் பிடித்தாள். திட்டிக்கொண்டேதான் பிடித்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் குழல் கத்தரிக்காய்த் தோலின் கறுப்புக்கு வந்து நின்றது. சோடாத் தண்ணீரில் உப்புப் போக அவித்துத் துடைத்து எண்ணெய் பூசினார் முனிசாமி. வீட்டுக்குப் போய்க் கட்டைக்கும் எண்ணெய் தேய்த்து மூன்றையும் மாட்டினார்.

திங்கட்கிழமை ரேணுகாம்பாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வங்கிக்கு எதிர்ச்சாரியில் காய்கறித் தள்ளுவண்டி ஓரமாகப் போய் நின்றாள்.

அதிகாரி வாசலிலேயே துப்பாக்கியைக் கையில் வாங்கினார். நடுவில் மடித்துத் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மோந்துகூடப் பார்த்தார். பட்டாளத்துக் குரல், தெருவைத் தாண்டிக் கேட்டது.

"முனிசாமி, யாருதுய்யா இது?"

"என்துதான் சார்."

"போன வருஷம் நான் பார்த்தது இது இல்லையே. அது வெளுத்துப்போய்ப் பல்லை இளிச்சுக்கிட்டு இருந்தது. மாத்திட்டியா?"

முனிசாமி ஏதோ சொன்னார். அதிகாரி காதில் வாங்காமல் லைசென்ஸை வாங்கி விரித்துக்கொண்டு, குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பினார். நம்பர் வெட்டியிருக்கும் இடம். ரேணுகாம்பாள் வண்டியை ஒட்டி எட்டிப் பார்த்தாள். அங்கேதான் அழுக்கு அதிகம் என்று நன்றாக அழுத்தித் தேய்த்திருந்தாள். நம்பரும் தேய்ந்து போயிருந்தால்? அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். குழலைச் சாய்த்தார், நிமிர்த்தினார். ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்து வாசித்தார். லைசென்ஸைப் பார்த்தார். மறுபடி குழலை.

அப்புறம் துப்பாக்கியை டக்கென்று மூடி முனிசாமி கையில் கொடுத்தார். "இப்படி வெச்சுக்கத் தெரியுதில்ல? இத்தனை நாள் என்னய்யா பண்ணே?" என்றபடி உள்ளே போய்விட்டார்.

முனிசாமி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக் கதவோரம் தன் இடத்தில் போய் நின்றார். எதிர்ச்சாரியில் அவள் நிற்பது அவருக்குத் தெரியும். பார்க்கவில்லை. டியூட்டியில் பெண்டாட்டியைப் பார்க்கமாட்டார்.

"ஏம்மா," என்றாள் தள்ளுவண்டிக்காரி, "வந்ததுலேர்ந்து வெண்டக்கா காம்ப ஒடச்சிக்கினே இருக்கிறியே, இத இனிமே எவ வாங்குவா?"

ரேணுகாம்பாள் கீழே பார்த்தாள். அரைக் கூடைக்குக் காம்பில்லை.

"அத்தனையும் போடும்மா" என்று பையை விரித்தாள்.